கண்ணைக் காட்டக் கடைத்தெருவுக்கு: ஸ்காட்லாந்து பயணக் குறிப்புகள்

திங்கள், கிளாஸ்கோ

இந்த ஊரில் கண் சிவந்தாலோ, உறுத்தினாலோ, திடீரென்று மங்கினாலோ ஆட்கள் முதலில் போவது கடைத்தெருவுக்குத்தான். ரொட்டிக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கடை இருக்கும். முன்பக்கம் பிரேம்கள், பின்கட்டில் ஒரு இருட்டறை. அந்த அறையில் இருப்பவர் ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது டாக்டர் இல்லை, கண்ணைப் பரிசோதிக்கப் படித்தவர். கண்ணில் எந்தத் தொந்தரவு என்றாலும் முதலில் அவரிடம் போங்கள் என்று அரசு சுகாதாரத் துறையே மக்களிடம் சொல்கிறது.

நானும் ஆப்டோமெட்ரிஸ்ட்தான். திருநெல்வேலியில் ஒரு கண் மருத்துவமனையில் வேலை. என் சித்தி மகள் இங்கே அதே தொழிலில் இருக்கிறாள். "லீவு போட்டுட்டு வாங்கக்கா, மலையும் கடலும் காட்டுறேன்" என்று கூப்பிட்டாள். வந்த இடத்தில் அவளுடைய அறையைப் பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நோயாளிகள் ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்டு, என்னை மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தாள். எனவே இந்தக் குறிப்புகளில் ஏரி, மலை எல்லாம் கொஞ்சம்தான் வரும்.

காலையில் வந்த முதல் ஆள் பட்டறைத் தொழிலாளி. நேற்று கிரைண்டரில் இரும்பு தேய்க்கும்போது பொறி தெறித்திருக்கிறது. இரவெல்லாம் கண்ணீர் வடிந்து தூங்கவில்லை. கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப்பில் தங்கச்சி பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னாள். கருவிழியின் கீழ்ப்பக்கத்தில் கடுகில் பாதி இருக்கும் ஒரு இரும்புத் துகள், அதைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் துரு வளையம். மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டாள். ஊசியின் நுனியைக் கருவிழிக்குப் பக்கவாட்டில் படுக்கப் போட்ட மாதிரி பிடித்து, ஒரே நெம்பலில் துகளைத் தூக்கினாள். துருவைச் சுழலும் சின்ன பிரஷ்ஷால் சுரண்டினாள். ஃப்ளோரசீன் சாயம் ஏற்றிய தாளை நனைத்துத் தொட்டு நீல விளக்கைப் போட்டதும் காயம் பச்சையாக ஒளிர்ந்தது. அந்த அளவைக் குறித்துக்கொண்டாள். பிறகு தன் பெயர் அச்சிட்ட மருந்துச் சீட்டை எடுத்து ஆன்டிபயாடிக் சொட்டு எழுதிக் கொடுத்தாள். அவர் பணம் எதுவும் கொடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து வரச் சொன்னாள். அடுத்த கடையில் மருந்தை வாங்கிக்கொண்டு அப்படியே வேலைக்குப் போய்விட்டார்.

நம் ஊரில் இதே ஆள் வந்திருந்தால் ஒரு நாள் கூலி போயிருக்கும். துகளை எடுக்க எனக்கும் கை வரும். ஆனால் மருந்து எழுதும் உரிமை எனக்குக் கிடையாது. பிரிட்டனில் அந்த உரிமை சட்டப்படி வந்தது 2008-இல். எல்லோருக்கும் இல்லை. தனியாகப் படித்து, மருத்துவமனையில் டாக்டர்களின் கீழ் பயிற்சி எடுத்து, தேர்வு எழுதியவர்களுக்கு மட்டும். தங்கச்சி வேலையையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு அதைப் படித்தாள்.

செவ்வாய், கிளாஸ்கோ

வெளியே விடாமல் தூறல். உள்ளே இன்றைக்கு முழுக்க கிளாக்கோமா, அதாவது கண் நீர் அழுத்த நோய்.

இந்த நோய்க்கும் இந்த ஊருக்கும் பழைய தொடர்பு உண்டு. 1824-இல் கிளாஸ்கோவில் கண்ணுக்கென்று ஒரு மருத்துவமனை தொடங்கியவர்களில் ஒருவர் வில்லியம் மெக்கன்ஸி. இந்த நோயில் கண் கல் மாதிரி இறுகிப்போகிறது என்று 1830-இலேயே எழுதி வைத்தவர். அழுத்தத்தை அளக்கக் கருவி இல்லாத காலம். விரலால் இமையின் மேல் தொட்டுப் பார்த்துச் சொன்னார்கள்.

பத்து மணிக்கு வந்தவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். இரண்டு கண்ணிலும் கிளாக்கோமா, இரவில் ஒரு சொட்டு மருந்து, பல வருடமாக நிலையாக இருக்கிறது. முன்பு இந்தப் பரிசோதனைக்கு மருத்துவமனைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். 2023-இல் ஸ்காட்லாந்து அரசு சமூக கிளாக்கோமா சேவை என்று ஒன்றைத் தொடங்கியது. நோய் கட்டுக்குள் இருக்கிறது, ஆபத்து குறைவு என்று மருத்துவமனை டாக்டர்கள் முடிவு செய்தவர்களை, மருந்து எழுதும் தகுதியோடு கிளாக்கோமாவுக்கும் தனிப் பயிற்சி முடித்த ஆப்டோமெட்ரிஸ்டிடம் ஒப்படைக்கிறார்கள். அதன் பிறகு பரிசோதனை, மருந்து, மறுபடி எப்போது வர வேண்டும் என்ற முடிவு எல்லாம் தெருக்கடையில். ஏதாவது கைமீறினால் மருத்துவமனைக்கு நேர் வழி திறந்தே இருக்கிறது.

கண்ணின் பிரஷர் பார்த்தாள்: வலது 16, இடது 15, கட்டுக்குள்தான். பிறகு ஃபீல்டு டெஸ்ட், பார்வை எவ்வளவு பரப்புக்கு இருக்கிறது என்று அளப்பது. பெரியவர் கிண்ணம் மாதிரி இருக்கும் கருவிக்குள் தாடையை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தினார். நடுவில் ஒரு இடத்தில் விரல் அசையவே இல்லை. அந்த இடத்தில் அவருக்குப் பார்வை இல்லை, அது அவருக்கும் தெரியாது. போன தடவை எடுத்த வரைபடத்தைத் திரையில் பக்கத்தில் வைத்து, கறுப்புத் திட்டு ஒரு புள்ளிகூடப் பெருகவில்லை என்று அவருக்கே காட்டினாள். பார்வை நரம்பின் தடிமனை அளக்கும் ஓசிடி படமும் அப்படியே. பெரியவர் சட்டென்று மூச்சை விட்டார்.

அதன் பிறகு அவள் செய்ததுதான் என் மனசில் நின்றது. சொட்டு விட்டுப் பழகிப் பார்க்க ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்து, "எப்படி விடுறீங்கன்னு காட்டுங்க" என்றாள். கை நடுங்கி, இரண்டு சொட்டு கன்னத்தில் வழிந்தது. மூட்டுவாதம். பாட்டிலைப் பிடித்து நிறுத்த ஒரு பிளாஸ்டிக் பிடிமானத்தைப் பொருத்தி, மூன்று தடவை விட்டுப் பார்க்க வைத்தாள். கடைசி இரண்டும் சரியாக விழுந்தது. கார் ஓட்டுகிறாரா, உரிம அலுவலகத்துக்கு நோயைத் தெரியப்படுத்திவிட்டாரா என்று விசாரித்தாள். நாற்பது தாண்டிய மகனும் மகளும் கண்ணைக் காட்டினார்களா என்று கேட்டாள். மகள் காட்டிவிட்டாளாம். மகன்? "அவன் எங்கே" என்று கையை விரித்தார். மகனுடைய போன் நம்பரை அவரையே எடுக்கச் சொல்லி, அவரையே பேச வைத்து, அங்கேயே தேதி குறித்தாள்.

எங்கள் ஓ.பி.யில் கிளாக்கோமா நாளன்று நிற்கும் வரிசையை நினைத்துக்கொண்டேன். யாருடைய கையையும் பிடித்து மூன்று தடவை சொட்டு விடச் சொல்ல அங்கே நேரம் ஏது?

இந்த நோயில் போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து. அதுவும் ஆயுளுக்கும். ஆகவே இதில் ஆளை இழப்பது பெரும்பாலும் மருந்தில்லாமல் அல்ல, தேதிக்கு வராமல் போவதால். ராதாபுரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எங்களிடம் வந்துகொண்டிருந்தார். இரண்டு பஸ் மாற வேண்டும், துணைக்கு ஒரு ஆள், அந்த ஆளின் கூலியும் போகும். வலி இல்லை, சிவப்பு இல்லை, கண் தெரிகிறது. பின்னே எதற்கு வருவார்? நடுவில் விட்டுப்போய்த் திரும்பி வந்தபோது வலது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. அவரை "ஒழுங்காக வரலியே" என்று கடிந்துகொள்வது எங்களுக்கு எளிது. அவர் இருக்கும் இடத்துக்கு அரை மணி தூரத்தில் ஒரு ஃபீல்டு கருவியும் அதைப் படிக்கத் தெரிந்த ஒரு ஆளும் இருந்திருந்தால் அந்தக் கண் இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

புதன், ரயிலில்

குயின் ஸ்ட்ரீட் ஸ்டேஷனிலிருந்து இன்வெர்னஸுக்கு. பெர்த் தாண்டியதும் மலை. பிட்லாக்ரியில் மழை விட்டது. ட்ரமாக்டர் கணவாயில் மரமே இல்லை, பழுப்பு மலைச்சரிவில் மான் கூட்டம். தங்கச்சி வாட்டி வந்த சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் அங்கேதான் பிரித்தோம்.

வழியெல்லாம் பணத்தைப் பற்றித்தான் பேச்சு. இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி கருவியிலோ படிப்பிலோ இல்லை, பரிசோதனை நாற்காலியில் கண்ணைப் பார்ப்பதற்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

ஸ்காட்லாந்தில் 2006 ஏப்ரலிலிருந்து கண் பரிசோதனை எல்லோருக்கும் இலவசம். வெறும் கண்ணாடி நம்பர் பார்ப்பது இல்லை, கண்ணின் ஆரோக்கியம் முழுவதும் பார்ப்பது. அதற்கான கட்டணத்தை அரசு கடைக்காரருக்குக் கொடுக்கிறது. சந்தேகம் இருந்தால் மறுபடி வரவழைத்துப் பார்க்கவும் தனிக் கட்டணம் உண்டு. இங்கிலாந்தில் அப்படி இல்லை. 16 வயதுக்குக் கீழே, 60-க்கு மேலே, சர்க்கரை நோயாளி, கிளாக்கோமா உள்ளவர், 40 தாண்டி வீட்டில் யாருக்காவது கிளாக்கோமா இருப்பவர் என்று சில பிரிவினருக்குத்தான் அரசு செலவில் பரிசோதனை. அதற்குக் கடைக்குக் கிடைக்கும் தொகையும் குறைவு. மீதியைப் பிரேம் விற்றுத்தான் ஈடுகட்ட வேண்டும். அவசரக் கண் பரிசோதனை போன்ற கூடுதல் சேவைகள் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும். வேல்ஸ் 2023 அக்டோபரில் தன் ஒப்பந்தத்தையே மாற்றி எழுதிக்கொண்டது. நம்பர் பார்ப்பதில் தொடங்கி, அவசரப் பரிசோதனை, பார்வைக் குறைவு உள்ளவர்களுக்கான சேவை, கிளாக்கோமா கண்காணிப்பு, மருந்து எழுதுவது வரை படிப்படியாக ஐந்து நிலைகள், நாடு முழுவதற்கும் ஒரே மாதிரி.

"நீங்க பார்த்தீங்களேக்கா, அந்த இரும்புத் துகள் ஆளு, அவரு என்கிட்ட ஒரு கண்ணாடியும் வாங்கல. வாங்கணும்னு நான் நினைக்கவும் வேண்டியதில்ல. பார்த்ததுக்குக் காசு வந்துரும்."

நம் ஊர்க் கண்ணாடிக் கடைகளில் 'இலவசக் கண் பரிசோதனை' என்று போர்டு தொங்குகிறது. அந்த இலவசத்துக்கான விலை பிரேமில் சேர்ந்திருக்கிறது. கண்ணாடி விற்றால்தான் வாடகை கட்ட முடியும் என்ற நிலையில் இருக்கும் ஒருவர், கண்ணாடி தேவைப்படாத கிளாக்கோமா நோயாளிக்கு அரை மணி நேரம் எப்படி ஒதுக்குவார்? அவரைக் குறை சொல்ல மாட்டேன். பார்க்கும் வேலைக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை, அதுதான் கோளாறு.

வியாழன், இன்வெர்னஸ்

ஆற்றங்கரையில் நடந்தோம். மாலையில் ஊர் எல்லையிலிருக்கும் வளாகத்துக்குப் போனோம். 2023 ஏப்ரலில் திறந்த தேசிய சிகிச்சை மையம் அங்கே இருக்கிறது. எலும்பு மூட்டுக்கும் கண்ணுக்கும் மட்டுமான இடம். புரை அறுவைக்கு மலைநாடு முழுவதிலிருந்தும் வருகிறார்கள். புரை முற்றிவிட்டது என்று கண்டுபிடித்து அனுப்புவது ஊர்க்கடை, வெட்டி லென்ஸ் வைப்பது இங்கே. புண் ஆறியதும் நம்பர் பார்ப்பது மறுபடி ஊர்க்கடை.

அதே வளாகத்தில் ஹைலேண்ட்ஸ் அண்ட் ஐலண்ட்ஸ் பல்கலைக்கழகம். 2020-இல் அங்கே ஆப்டோமெட்ரி படிப்பு தொடங்கினார்கள். அதற்கு முன் ஸ்காட்லாந்தில் இதைப் படிக்க கிளாஸ்கோதான் கதி. கிளாஸ்கோவில் படித்தவர்கள் கிளாஸ்கோவிலேயே தங்கிவிடுகிறார்கள், மலையில் படித்தால் மலையில் இருப்பார்கள் என்பது கணக்கு. மதுரைக்காரர்களுக்கு இது புதிதில்லை. 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்துப் பெண்களையே எடுத்துப் பயிற்சி கொடுத்து வளர்ந்த நிறுவனம். அதன் பார்வை மையங்கள் இன்று நூறுக்கும் மேல் சிற்றூர்களில் இருக்கின்றன. மையத்தில் பயிற்சி பெற்ற பெண் கண்ணைப் பார்ப்பார், தலைமை மருத்துவமனை டாக்டர் வீடியோவில் பேசி முடிவு சொல்வார். ஆளைப் பஸ் ஏற விடாமல் ஊரிலேயே பார்ப்பது எங்கள் பக்கம் ஏற்கனவே வேர் பிடித்த விஷயம்தான். வித்தியாசம், இங்கே முடிவும் நாற்காலிப் பக்கத்தில் இருப்பவருடையது. பொறுப்பும் அவருடையதே.

வெள்ளி, ஸ்டோர்னோவே

இன்வெர்னஸிலிருந்து உல்லாபூலுக்கு பஸ், அங்கிருந்து கப்பல். இரண்டேமுக்கால் மணி நேரம் கடல். காற்று பலம், மேல்தளத்தில் நிற்க முடியவில்லை. லூயிஸ் தீவு கண்ணில் பட்டபோது தாழ்வாக, பச்சையும் பழுப்புமாக ஒரு கோடு. துறைமுகத்தில் பெயர்ப்பலகை கேலிக் மொழியில் முதலில், ஆங்கிலம் அடுத்து.

தங்கச்சியோடு படித்த ஒருத்தி இங்கே கடை வைத்திருக்கிறாள். பிற்பகலில் அவள் அறையில் இருந்தபோது ஒரு நெசவாளி வந்தார். ஹாரிஸ் ட்வீட் துணியை இந்தத் தீவுகளில் நெசவாளியின் வீட்டில்தான் நெய்ய வேண்டும் என்று 1993-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். இவருக்கும் வீட்டுக் கொட்டகையில்தான் தறி. இரண்டு நாளாக இடது கண்ணில் கறுப்புப் பூச்சிகள் பறக்கின்றனவாம், இருட்டில் ஓரத்தில் மின்னல் வெட்டுகிறதாம்.

எங்கள் தொழிலில் இதைக் கேட்டாலே நிமிர்ந்து உட்காருவோம். கண்ணுக்குள் இருக்கும் ஜெல் வயதாகும்போது சுருங்கி விழித்திரையை விட்டுப் பிரியும். பெரும்பாலும் ஆபத்தில்லை. சிலருக்குப் பிரியும்போது திரையையும் கிழித்துக்கொண்டு வரும். கிழிசலைக் கவனிக்காமல் விட்டால் திரையே கழன்றுவிடும். இரண்டுக்கும் அறிகுறி ஒன்றுதான், உள்ளே பார்த்தால்தான் தெரியும். திரை கழன்றதற்கான அறுவை இந்தத் தீவில் கிடையாது. விமானத்தில் பெருநிலத்துக்குப் போக வேண்டும்.

கண்ணின் பாப்பாவை விரிய வைக்கும் மருந்து விட்டாள். காத்திருக்கும்போது அவர் தறியைப் பற்றிச் சொன்னார். சைக்கிள் மாதிரி மிதிக்கும் தறி. பாப்பா விரிந்ததும் முதலில் ஜெல்லின் முன்பகுதியில் குறுகிய ஒளிக்கற்றையைப் பாய்ச்சி, மேலே கீழே பார்க்கச் சொல்லி, அது அசைந்து அடங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். புகையிலைத் தூள் மாதிரி பழுப்புத் துகள்கள் மிதந்தால் எங்கோ கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். நானும் பார்த்தேன். தெளிவாக இருந்தது. அதோடு விட்டுவிடவில்லை. விழித்திரையின் ஓரத்தை எட்டுத் திசையிலும் பார்த்தாள், அவரைப் படுக்க வைத்து மறுபடியும் பார்த்தாள். பார்வை நரம்புக்கு முன்னால் பிரிந்த ஜெல்லின் வளையம் சாம்பல் நிறத்தில் மிதந்தது. வெறும் பிரிதல்தான், கிழிசல் இல்லை.

"திரை இறங்குற மாதிரி இருட்டு வந்தாலோ, பூச்சிகள் மழை மாதிரி கூடினாலோ அன்னைக்கே வரணும், அடுத்த நாள் இல்ல" என்று சொல்லி, அதையே எழுதியும் கொடுத்து, சில வாரத்தில் மறுபடி வரச் சொன்னாள். அவர் விமானம் ஏறாமல் தறிக்குத் திரும்பினார். கிழிசல் இருந்திருந்தால் அந்த நிமிடமே போனில் டாக்டரைப் பிடித்திருப்பாள். அனுப்ப வேண்டியவரை அன்றே அனுப்பவும், வேண்டாதவரை வீட்டுக்கு அனுப்பவும் தெரிந்த ஒருத்தி தீவில் இருக்கிறாள்.

சனி, கலனிஷ்

ஆதிகாலத்தில் நட்டு வைத்த, இன்றும் நிற்கும் கற்களைப் பார்க்கப் போனோம். எகிப்தின் பிரமிடுகளைவிடப் பழையவை. கிட்டத்தில் போய்த் தொட்டால் கல்லுக்குள் வரிவரியாக ரேகை. ராத்திரி பத்தரைக்கும் வெளிச்சம்.

எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போக முடியாது. தங்கச்சியும் அவள் தோழியும் இரவு நெடுநேரம் மனம்விட்டுப் பேசினார்கள். ஓசிடி கருவி விலை தலைக்கு மேல், அதைக் கடைக்காரரே வாங்க வேண்டியிருக்கிறது. பயிற்சிக்கு மருத்துவமனையில் இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். நிலையான நோயாளிகள் தெருக்கடைக்கு நகர்ந்தபின், மருத்துவமனையில் மிஞ்சுவது சிக்கலானவர்கள் மட்டும், அங்கே டாக்டர்களின் ஒரு நாள் முன்பைவிடக் கடினமாகிறது. சில கடைகளில் தகுதியான ஆளே இல்லை.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. மருத்துவமனையும் கடையும் ஒரே பதிவைப் பார்க்க முடிகிற இடத்தில்தான் இது ஓடுகிறது. தங்கச்சி எடுத்த ஃபீல்டு வரைபடத்தை மருத்துவமனை டாக்டர் தன் மேஜையிலிருந்து திறக்கிறார். அந்தக் கம்பி அறுந்தால் இரண்டு பேரும் மற்றவர் பார்ப்பார் என்று நினைத்திருக்க, நடுவில் நோயாளியின் கண் போய்விடும். எங்கள் ஊரில் காகித ஓ.பி. சீட்டைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களை வைத்துச் சொல்கிறேன், முதலில் கட்ட வேண்டியது இந்தக் கம்பியைத்தான்.

ஞாயிறு, ஸ்டோர்னோவே

கடைகள் பெரும்பாலும் அடைப்பு. ஓய்வுநாளை இங்கே கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கப்பலே 2009-இல்தான் ஓட ஆரம்பித்ததாம், அதற்கும் எதிர்ப்பு. விடுதி ஜன்னலோரம் உட்கார்ந்து, ஊருக்குப் போனதும் எங்கள் பெரிய டாக்டரிடம் கேட்க வேண்டியதை எழுதினேன்.

வள்ளியூரில் எங்களுக்கு ஒரு சின்ன மையம் இருக்கிறது, கண்ணாடி நம்பர் பார்க்க மட்டும். அங்கே ஒரு ஃபீல்டு கருவியும் பிரஷர் கருவியும் வேண்டும். நிலையாக இருக்கிற கிளாக்கோமா நோயாளிகளில் தென்பகுதி ஆட்களை மட்டும் முதலில் பிரித்து, ஆறு மாதப் பரிசோதனையை அங்கே வைக்கலாம். வாரத்தில் இரண்டு நாள் நானே போகிறேன். படங்களை அன்று சாயங்காலமே டாக்டர் திருநெல்வேலியில் இருந்து பார்க்கட்டும், மருந்து மாற்றுவது அவர் கையெழுத்தில். தேதிக்கு வராதவருக்கு மூன்றாம் நாள் நாங்கள் போன் செய்வோம். என் சம்பளம் பார்த்த கண்ணுக்காக இருக்கட்டும், விற்ற பிரேமுக்காக வேண்டாம். முதல் பட்டியலில் ராதாபுரத்து அம்மாவின் பெயரையும் எழுதியிருக்கிறேன். இடது கண் இன்னும் இருக்கிறது.